2500 ஆர்.பி.எம்.மில் கேட்க வேண்டிய சைலன்சர்

கார் சைலன்சரை மாற்றிக் கட்டிக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தேர்ந்தெடுப்பது ஒரே விதமாகத்தான். பட்டறை வாசலில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை நாலு தடவை மிதிக்கச் சொல்லி, பின்னால் நின்று கேட்பார்கள். அல்லது வேறு யாரோ அப்படி மிதித்ததைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, இதே டோன் வேணும்" என்பார்கள். கட்டிக் கொடுப்பவருக்கும் இது தெரியும். அந்த நாலு மிதிக்கு வாடிக்கையாளர் தலையாட்டினால் பில் போட்டுவிடலாம் என்று அதற்கு ஏற்றபடியே பைப்பையும் மஃப்ளரையும் பொருத்திவிடுகிறார். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன், ஒரு சைலன்சரைப் பற்றி முடிவெடுக்க இதைவிடப் பொருத்தமில்லாத சோதனை கிடையாது. நம் சாலைகளில் ஒரு கார் பெரும்பாலும் ஓடுவது மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கியர்களில், பாதிக்கும் குறைவாக மிதித்த ஆக்ஸிலேட்டரில், 1800-க்கும் 3000-க்கும் இடைப்பட்ட ஆர்.பி.எம்.மில். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போகும் அந்த நிலையில் சைலன்சர் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வியிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும். பைப்பின் விட்டம், மஃப்ளரின் வகை, உலோகம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

நியூட்ரலில் எஞ்சினுக்குச் சுமை கிடையாது. சுமையில்லாத எஞ்சின் 4000 ஆர்.பி.எம்.மைத் தொட த்ராட்டில் லேசாகத் திறந்தால் போதும். ஆகவே உள்ளே போகும் காற்றும், வெளியே வரும் புகையும், ஒவ்வொரு வெடிப்பின் பலமும், வண்டி ஆளேற்றிக்கொண்டு மேட்டில் இழுக்கும்போது இருப்பதில் ஒரு பங்குதான். அந்த நிலையில் கம்பீரமாகக் கேட்கிற பெட்டி, சுமை ஏறியதும் காதைப் பிளக்கலாம். ஒன்றுமே இல்லை என்று தோன்றிய பெட்டி, சாலையில் அழகாக முழங்கலாம். கைப்பேசிக் காணொளி இன்னும் மோசம். அதன் ஒலிவாங்கி பெரிய சத்தத்தைத் தானாகவே குறைத்துப் பதிவு செய்கிறது. அதன் குட்டி ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை எழுப்பவே முடியாது. எந்த அலைவரிசை பயணத்தில் தலைவலியைக் கொடுக்குமோ, சரியாக அதைத்தான் காணொளி காட்டாமல் விடுகிறது. போதாததற்கு, பதிவு செய்தவர் காருக்கு வெளியே நிற்கிறார்; பணம் கொடுப்பவர் உள்ளே உட்காரப் போகிறார்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நாலு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2500 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 83 வெடிப்புகள், 3000-இல் 100. சைலன்சரின் அடித்தொனி அதே 83 ஹெர்ட்ஸ், அதே 100 ஹெர்ட்ஸ். இப்போது காரின் உட்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை சுமார் இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர். அந்த நீளத்தில் அடைபட்ட காற்று தானாக அதிர விரும்பும் முதல் அலைவரிசை 70, 80 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் ஓடும் 1.5 லிட்டர் பெட்ரோல் செடான் 2500-க்கும் 3000-க்கும் நடுவில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் அனுப்பும் அடித்தொனியும் அறை அதிர விரும்பும் தொனியும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழும்போது, வெளியே நிற்பவருக்குச் சாதாரணமாகக் கேட்கிற சத்தம் உள்ளே இருப்பவரின் மண்டைக்குள் 'ம்ம்ம்' என்று நிற்காமல் இரைகிறது. தொழிலில் இதற்கு 'ட்ரோன்' என்று பெயர். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் ஐந்து மணி நேரத்தில், முதல் அரை மணி நேரம் இது பெருமையாக இருக்கும். மூன்று சிலிண்டர் கார்களுக்குக் கணக்கு வேறு: 3000-இல் 75 ஹெர்ட்ஸ்தான் வரும். அதனால் அவற்றில் இரைச்சல் வரும் இடம் ஆர்.பி.எம். அளவில் மேலே தள்ளிப் போகிறது. ஒரு காருக்கு நன்றாக அமைந்த சைலன்சர் இன்னொரு காருக்கு ஏன் அமைவதில்லை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இரைச்சலுக்கு மருந்து உண்டு. கால் அலைக் குழாய் என்ற பழைய இயற்பியல் அது. பிரதான பைப்பிலிருந்து ஒரு கிளை எடுத்து அதன் மறுமுனையை அடைத்துவிட்டால், அந்தக் கிளைக்குள் போய்த் திரும்பும் அலை அரைச்சுற்று பிந்தி வந்து, தன் நீளத்துக்குரிய அலைவரிசையை மட்டும் அழிக்கும். 83 ஹெர்ட்ஸை அழிக்க, உள்ளே இருக்கும் புகையின் சூட்டைப் பொறுத்து, ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் நீளம் தேவைப்படும். வளைத்துப் பொருத்தும்போது ஜே எழுத்துப் போல் இருப்பதால் ஜே பைப் என்கிறார்கள். புகை ஓட்டத்துக்கு இதனால் எந்தத் தடையும் இல்லை. இடம்தான் பிரச்சினை, சிறிய ஹேட்ச்பேக்குக்கு அடியில் ஒன்றரை மீட்டர் கிளைக்கு இடம் தேடுவது லேசான வேலை இல்லை. உங்களுக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறவரிடம் 'எத்தனை பி.எஸ். பவர் கூடும்' என்று கேட்பதைவிட, 'ட்ரோன் வந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். 'நம்ம பெட்டில அதெல்லாம் வராது சார்' என்பவரைவிட, எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்று திருப்பிக் கேட்பவர் வேலை தெரிந்தவர்.

மஃப்ளர் பெட்டி அடிப்படையில் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே தடுப்புத் தகடுகளும் அறைகளும் இருக்கும். புகை திரும்பித் திரும்பிப் போகும், அலைகள் ஒன்றோடொன்று மோதி அழியும். கம்பெனி பெட்டிகள் பெரும்பாலும் இந்த இனம், அல்லது இரண்டும் கலந்தவை. இன்னொன்றில் துளையிட்ட குழாய் ஒன்று பெட்டியின் நடுவே நேராக ஓடும். அதைச் சுற்றி கண்ணாடி நார் அல்லது பசால்ட் நார் திணித்திருக்கும். கையில் டார்ச் பிடித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியும். விற்பனையில் 'ஸ்ட்ரெயிட் த்ரூ' என்று பெருமையாகச் சொல்லப்படுவது இதுதான். புகைக்குத் தடை மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் நார் உறிஞ்சுவது உயர்ந்த தொனிகளை; அடித்தொனி அதன் வழியே ஏறக்குறைய அப்படியே போய்விடும். கரகரப்பு போய் முழக்கம் மட்டும் தங்குவதால்தான் வாசலில் நின்று கேட்பவருக்கு அது 'பேஸ்' ஆகத் தெரிகிறது, வண்டிக்குள் இரைச்சலாகிறது. அறைப் பெட்டி இதற்கு நேர்மாறு: அடித்தொனியைப் பிடிக்கும், கொஞ்சம் தடை வைக்கும். ஆகவே வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் காருக்கு என் யோசனை எப்போதும் ஒன்றுதான். நடுவில் ரெசொனேட்டர் என்ற சின்ன நார்ப் பெட்டி, கடைசியில் கொள்ளளவு பெரிதான ஒரு மஃப்ளர். கொள்ளளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சத்தத்தை அடக்கும் வேலையில் லிட்டருக்கு மாற்று கிடையாது. பளபளக்கும் சின்ன உருளையில் என்ன பெயர் பொறித்திருந்தாலும் அது சின்ன உருளைதான். நார்ப் பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு: நார் சூட்டில் கருகி, துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும். மாட்டிய அன்று கேட்ட சத்தம் இரண்டு வருடம் கழித்து இருக்காது, கூடிவிடும். மூடியைக் கழற்றி நாரை மாற்றும்படி போல்ட் வைத்த பெட்டி கொஞ்சம் விலை கூடுதல் என்றாலும் வாங்கத் தகுந்தது.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் மறுப்பு எனக்குத் தெரியும். 'எனக்குச் சத்தம் முக்கியமில்லை, பிக்கப் வேண்டும், பவர் வேண்டும்.' சரி, பவரையே பார்ப்போம். 1.5 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்.பி.எம்.மில் முழு மிதியில் நொடிக்குச் சுமார் 67 லிட்டர் காற்றை இழுக்கும். அது எரிந்து, 600 டிகிரி சூட்டில் விரிந்து வெளியேறும்போது நொடிக்கு 200 லிட்டருக்குச் சற்று மேல். இரண்டு அங்குல பைப்பில் அது நொடிக்கு 118 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். இரண்டரை அங்குலத்தில் 74 மீட்டர். அரை அங்குலம் கூடியதும் உள்பரப்பு 60 சதவீதம் பெருகிவிடுவதால் இந்த வித்தியாசம். வேகம் குறைந்தால் தடை குறையும், சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு கிடைக்கும்? புகைப் பாதையின் எதிர் அழுத்தத்தை 10 கிலோபாஸ்கல் குறைத்தால் நேரடிக் கணக்கில் எஞ்சினுக்குக் கிடைப்பது 1 சதவீதம் அளவு. சிலிண்டருக்குள் தங்கும் பழைய புகை குறைவதால் இன்னும் கொஞ்சம். 119 பி.எஸ். உள்ள ஹோண்டா சிட்டி மாதிரி ஒரு காரில் அது இரண்டு பி.எஸ்., அதுவும் ரெட் லைனுக்குப் பக்கத்தில் மட்டும். ஒரே காரை, பவரை அளக்கும் ஒரே டைனோவில் காலையும் மாலையும் ஓட்டினாலே வெப்பநிலையால் அந்த அளவு வித்தியாசம் வரும். மாற்றுவதற்கு முன்பே அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. ஆக்ஸிஜன் சென்சாரின் திருகுத் துளையில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி முழு மிதியில் ஓட்டினால், கம்பெனி பைப் எவ்வளவு அழுத்தம் வைக்கிறது என்று தெரிந்துவிடும். அழுத்தம் சொற்பமாக இருந்தால் பைப்பில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த அளவீட்டைச் செய்துவிட்டு வேலைக்கு விலை சொல்லும் பட்டறைகள் அபூர்வம்; அளந்தால் வேலை போய்விடும் என்பது காரணமாக இருக்கலாம். 'மாத்தின பிறகு பிக்கப் நல்லா தெரியுதே' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மூளை எடுத்துக்கொள்கிறது. ஜி.பி.எஸ். வைத்து 40-இலிருந்து 100 வரை நேரம் எடுத்தால் அந்த எண்ணம் கரைந்துவிடும்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு நம்பிக்கை, மெக்கானிக்குகளிடமே வேரூன்றியது: 'எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும், இல்லேன்னா லோ எண்ட் போயிடும்.' அவர்கள் கவனித்தது சரி, சொல்லும் காரணம் தவறு. எதிர் அழுத்தத்தால் எந்த எஞ்சினுக்கும் லாபம் இல்லை. லாபம் தருவது வேகமும் அலையும். ஒரு சிலிண்டரிலிருந்து புகை பாய்ந்து வெளியேறும்போது அதன் பின்னே ஒரு வெற்றிட அலை உருவாகிறது. சரியான நேரத்தில் அது அடுத்த வால்வுக்குத் திரும்பி வந்தால் அங்கே மிச்சமிருக்கும் புகையையும் உறிஞ்சி எடுக்கும். மேனிஃபோல்டில் உள்ள பைப்பின் நீளமும் விட்டமும் இந்த நேரத்தைத் தீர்மானிக்கின்றன. நாலு பைப்பை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கும் 4-2-1 அமைப்பு நடுத்தர ஆர்.பி.எம்.மில் உதவும், நாலையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 4-1 அமைப்பு மேலே உதவும். தேவைக்கு மேல் பெரிய பைப்பைப் போட்டால் வேகம் செத்து, அலை பலவீனமாகி, கீழே இழுவை குறையும். அதைப் பார்த்துத்தான் 'பேக் பிரஷர் போச்சு' என்றார்கள். ஆக, மூன்று அங்குல பைப் கேட்டு வரும் 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்காரரிடம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சரியாகச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார்.

டர்போ எஞ்சினில் கதை வேறு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அலை விளையாட்டுக்கு அங்கே இடமில்லை. டர்பைனை ஒட்டிய டவுன் பைப்பைப் பெரிதாக்குவதும், அதற்கேற்ப எஞ்சின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வின் மேப்பை மாற்றுவதும் அளந்து காட்டக்கூடிய பலன் தரும். டர்பைனே துடிப்புகளை நைத்துவிடுவதால் சத்தத்தை அடக்குவதும் சுலபம். ஆனால் ஃபோக்ஸ்வாகனின் 1.0 லிட்டர் டி.எஸ்.ஐ. போன்ற எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. அங்கே மேனிஃபோல்டை (ஹெடரை) மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. இன்னும் சிலர், பந்தயக் கார்களில் மஃப்ளரே இல்லையே என்பார்கள். கோவை செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை தளத்திலோ ஓடும் கார் தன் நேரத்தின் பெரும்பகுதியை முழு மிதியில் கழிக்கிறது. ஓட்டுபவர் காதில் அடைப்பும் தலையில் ஹெல்மெட்டும் வைத்திருக்கிறார். அந்தக் காரின் புழக்கத்துக்கு அந்த பைப் சரி. கார் எந்த நிலையில் ஓடுகிறதோ அந்த நிலைக்குத் தேர்ந்தெடு என்ற அதே கணக்குத்தான் அங்கும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுக்கச் சொல்பவர்களுக்கு என் பதில் நீளமாக இருக்காது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு. 250, 300 டிகிரிக்கு மேல்தான் வேலை செய்யும் என்பதால் இப்போதைய கார்களில் எஞ்சினை ஒட்டியே வைக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஆக்ஸிஜன் சென்சார். கன்வெர்ட்டரை எடுத்ததும் பின் சென்சார் முன் சென்சாரைப் போலவே குதிக்கும்; டேஷில் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0420 என்று வரும். அதை மறைக்க சென்சாருக்கு ஸ்பேசர் போடுவது, மேப்பில் அணைப்பது என்று அடுத்தடுத்து ஏமாற்று வேலை. கிடைப்பது சொற்ப பி.எஸ்., கூடவே கண்ணெரியும் பெட்ரோல் நெடி. பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கரி வடிகட்டியான டி.பி.எஃப்.ஐக் குடைந்து எடுப்பதும் இதே ரகம்.

இனி உலோகம். இதில் வாங்குபவர் ஏமாறுவதற்கு இருக்கும் வாய்ப்பு வேறெதிலும் இல்லை. காந்தம் வைத்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம்: ஒட்டாவிட்டால் அசல் எஸ்.எஸ்., ஒட்டினால் டூப்ளிகேட். இந்தச் சோதனை இரண்டு பக்கமும் தவறும். கம்பெனிகள் சைலன்சருக்குப் பரவலாகப் பயன்படுத்துவது 409 என்ற ரகம். அதில் குரோமியம் 11 சதவீதம் அளவு, நிக்கல் கிடையாது, காந்தம் ஒட்டும், மேலே லேசாகத் துருநிறம் படியும், ஆனாலும் வருடக்கணக்கில் உழைக்கும். மறுபக்கம், மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்கும் 202 ரகப் பைப்பில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். காந்தம் ஒட்டாது, பளபளக்கும், சூட்டிலும் உப்புக் காற்றிலும் தாங்காது. 304 என்று சொல்லி 202-ஐ, அதுவும் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் போடுவது எளிது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் ரசாயனச் சோதனைதான் இரண்டையும் பிரிக்கும். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். 304 உண்மையாகவே நல்ல உலோகம், 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். ஆனால் அது சூட்டில் 409-ஐவிட அதிகம் நீளும்: ஒரு மீட்டர் பைப் 400 டிகிரி ஏறினால் ஏழு மில்லிமீட்டர். அந்த ஏழு மில்லிமீட்டர் எங்கே போகும் என்று யோசிக்காமல் இறுக்கிக் கட்டிய சைலன்சர், பிளேஞ்சிலோ மேனிஃபோல்டிலோ விரிசல் விட்டுத்தான் ஓயும். அதற்காகத்தான் எஞ்சினுக்குப் பின்னால் நெளியும் பெல்லோஸ் துண்டும், தொங்கும் ரப்பர் மவுண்டுகளும். மைல்டு ஸ்டீல் பைப்பைக் கறுப்பு பெயிண்ட் அடித்து மாட்டுவதை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கடற்கரை ஊர்களில் ஆயுள் குறைவு என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம்.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டரில் திரும்பும் காரில் மஃப்ளர் சூடாவதற்குள் எஞ்சின் நின்றுவிடும். ஆவி உள்ளேயே நீராகித் தேங்கும். கம்பெனி பெட்டிகளின் அடியில் ஊசி நுழையும் அளவு ஓட்டை இருப்பது அதற்காக. வெளியே செய்யும் பெட்டிகளில் அது பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் 'லீக் ஆகுது' என்று அடைத்துவிடுவார்கள்.

வெல்டிங்கில் வெளியே தெரியும் நீலமும் பொன்நிறமும் கலந்த வரிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆர்கான் வெல்டிங் செய்யும்போது பைப்பின் உள்பக்கமும் ஆர்கான் வாயு நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பாமல் உருக்கினால் உள்ளே எஸ்.எஸ். கருகி, காய்ச்சிய வெல்லப்பாகு பொரிந்து உறைந்தது போல முள்முள்ளாக நிற்கும். புகையைத் தடுக்கும், பின்னாளில் அந்த இடத்தில்தான் உடையும். முடிந்த வேலையில் இதைக் காண முடியாது என்பதால், பட்டறையில் வெட்டிப் போட்ட துண்டு ஒன்றை எடுத்து உள்ளே பாருங்கள். வளைவும் அப்படித்தான். மேண்ட்ரல் வைத்து வளைத்த பைப் வளைவிலும் வட்டம் மாறாது. சாதாரண மெஷினில் அமுக்கி வளைத்தது அங்கே நசுங்கி, இரண்டரை அங்குலத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு இரண்டு அங்குலம் கொடுக்கும். முன் சென்சாருக்கு முன்னால் ஊசித் துளை அளவு கசிவு இருந்தாலும் வெளிக் காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் போதவில்லை என்று ஈ.சி.யூ. தப்பாக நினைத்து அதிகம் ஊற்றும், மைலேஜ் விழும். டெயில் பைப் பம்பரைத் தாண்டி வெளியே நீளாவிட்டால் கார்பன் மோனாக்சைடு டிக்கி வழியே உள்ளே சுழன்று வரும். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்த நிலையில் ஸ்பீடு பிரேக்கரில் எது முதலில் இடிக்கும் என்றும் பார்க்க வேண்டும். லிஃப்டில் தூக்கிய காரில் டயர்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போது எல்லாம் போதுமான உயரத்தில்தான் தெரியும்.

இவ்வளவு கணக்குப் பார்த்தால் கம்பெனி சைலன்சரே போதும் என்று ஆகிவிடாதா என்று கேட்கலாம். பல கார்களுக்கு ஆகிவிடும், அதில் எனக்கு வெட்கமில்லை. கம்பெனி காசைக் குறைக்கத்தான் பார்க்கிறது என்பது உண்மை. உலோகத்திலும் வளைவிலும் அது தெரியும். ஆனால் ஒலியில் அவர்கள் செலவழித்த உழைப்பு எந்தப் பட்டறையிலும் கிடையாது. அதன் மேல் கைவைக்கக் காரணங்கள் இருக்கின்றன: பழைய பெட்டி துருப்பிடித்து அசல் உதிரி கிடைக்காதது, எஞ்சின் மாற்றப்பட்டது, அல்லது தொனி கொஞ்சம் தடித்திருக்க வேண்டும் என்ற நியாயமான ஆசை. கடைசிக் காரணத்துக்கு எல்லை உண்டு. வெடிக்கும் வரிசையும் சிலிண்டர் எண்ணிக்கையும்தான் குரலை உண்டாக்குகின்றன. அமெரிக்க வி8 எஞ்சினின் குடுகுடுப்பு, ஒரு பக்கத்துச் சிலிண்டர்கள் சீரற்ற இடைவெளியில் வெடிப்பதால் வருவது. நாலு சிலிண்டர் சீரான இடைவெளியில் வெடிக்கும். எந்தப் பெட்டி மாட்டினாலும் அந்தக் குடுகுடுப்பு வராது, சத்தம்தான் வரும். சென்னை புதுப்பேட்டையில் உடைத்த பெரிய காரின் மஃப்ளரை வாங்கி வந்து மாட்டச் சொல்பவர்களுக்கும் இதுவே பதில், கொள்ளளவு பெரிது என்பதால் சில சமயம் அது அமைதியாகக்கூட அமைந்துவிடும்.

சட்டத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை. கார்களுக்கான ஒலி வரம்பு 74 டெசிபல்; ஓடும் வண்டியை ஏழரை மீட்டர் தள்ளி அளப்பது அது. அரை மீட்டரில் கைப்பேசிச் செயலியைப் பிடித்து '90 காட்டுது, பரவாயில்ல' என்பதும், '90 காட்டுது, மாட்டிக்குவோம்' என்பதும் இரண்டுமே அர்த்தமற்றவை. தூர வித்தியாசத்தாலேயே 23 டெசிபல் மாறும். 'சத்தம் கேட்டால்தான் முன்னால் போகிறவன் ஒதுங்குவான், பாதுகாப்பு' என்ற வாதமும் நிற்காது. டெயில் பைப் பின்னால் பார்க்கிறது, ஆபத்து பெரும்பாலும் முன்னால் வருகிறது; அடித்தொனி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பிரித்தறிவதும் கடினம். கம்பெனி அளவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் சைலன்சரைக் கேட்பதற்கு, காதுக்கும் பயணத்துக்கும் அப்பால் இதுவும் ஒரு காரணம்.

வேலையைக் கொடுக்கும்போது ஒன்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பெட்டி, ரெசொனேட்டர், பைப் எல்லாவற்றையும் பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்து (டேக் அடித்து) மட்டும் நிறுத்தி, முழு வெல்டிங் போடுவதற்கு முன் வண்டியை ஒருமுறை புறவழிச்சாலைக்கு எடுத்துப் போக வேண்டும். கண்ணாடிகள் ஏற்றியிருக்கட்டும், பின் சீட்டில் ஒருவர் இருக்கட்டும். ட்ரோன் முதலில் தெரிவது அவருக்குத்தான். ஐந்தாவது கியரில் 1800-இலிருந்து 3200 வரை, லேசான மிதியில் நூறு நூறாக ஏற்றி, எந்த இடத்தில் காது அழுந்துகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே தூரத்தை ஏ.சி. போட்டும், கால் எடுத்தும் ஓட்டிப் பாருங்கள். கால் எடுக்கும்போது வரும் படபடப்பு பலருக்கு முதல் வாரம் பிடிக்கும், அதையும் குறித்து வையுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ரெசொனேட்டரை முன்னால் தள்ளலாம், கிளைக் குழாயின் நீளத்தை வெட்டலாம், பெட்டியையே மாற்றலாம். டேக் அடித்த இடத்தைக் கிரைண்டரில் வெட்ட ஐந்து நிமிடம் போதும். சுற்றிலும் வெல்டு ஓட்டி பாலிஷ் போட்ட பிறகு அதே மாற்றத்தைக் கேட்டால், எந்தப் பட்டறையிலும் முகம் மாறும்.